நகர்த்தக் கூடாத கிண்ணம்

சைகோன்
12 ஆகஸ்ட் 1973

மதிப்பிற்குரிய திரு. டால்டன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் நல்ல உடல்நலத்தோடு இருப்பீர்கள் என நம்புகிறேன். எனக்கு மழைக்காலத்து மூட்டுவலியைத் தவிர வேறு குறையில்லை.

கன்னிகாஸ்திரீ ஒருவர் கொண்டுவந்து கொடுத்த தங்கள் கடிதம் ஜூன் மாதமே கிடைத்தது. "எல்லாவற்றுக்கும் எண் போடுவீர்களே, இதற்கும் போட்டு அனுப்புங்கள். இத்தனை பலம் இருந்தும் எங்களால் ஏன் முடியவில்லை?" என்று கேட்டிருந்தீர்கள். பதில் எழுத நான் தகுதியானவன்தானா என்று யோசிப்பதிலேயே இரண்டு மாதம் போய்விட்டது. தகுதியானவன் என்று தோன்றவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் தென்பகுதியில் தலைப்பிள்ளையை இரண்டாமவன் என்றுதான் கூப்பிடுவோம். ஒன்று என்ற எண்ணை வீட்டில் யாருக்கும் கொடுப்பதில்லை. அதனால் என் பட்டியலும் இரண்டில் தொடங்குகிறது.

2. காலம். உங்களில் ஒவ்வொருவரும் ஒரு வருடத்துக்கு வந்தீர்கள். ஒருவர் ஊரைத் தெரிந்துகொள்ளும்போது அவருக்குத் திரும்பும் நாள் வந்துவிடும். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். தேயிலை எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஏழு வருடத்தில் ஆறு மேலதிகாரிகளுக்கு நான் காட்டியிருக்கிறேன்.

3. எண்ணிக்கை. எண்ண முடிந்ததையெல்லாம் எண்ணினீர்கள். எண்ண முடியாததை இல்லை என்று வைத்துக்கொண்டீர்கள்.

4. மரியாதை. துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்டால் எங்கள் ஆட்கள் தலையாட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டீர்கள்.

5. வீடு. எதிரி வெளியிலிருந்து ஊருக்குள் வருவதாக நினைத்தீர்கள். அவன் அந்த வீட்டில் பிறந்தவன்.

6. ரகசியம். நீங்கள் போகும் முன்பே செய்தி போய்விடும். மாகாணத் தலைமையகம், லாரி ஓட்டுநர்கள், சந்தை என்று பல வழிகள் உண்டு. எங்கள் அறையிலிருந்து மட்டும் எதுவும் போகவில்லை. 1967 ஜனவரியில் நீங்கள் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

இவற்றுக்குச் சான்றாக, எனக்கும் என் தங்கை சுவோங்குக்கும் இடையே அப்போது நடந்த கடிதங்களை வைத்திருக்கிறேன். நான் எழுதியவற்றுக்குக் கார்பன் பிரதி எடுத்து வைப்பது என் வழக்கம். அவள் சாந்திரமானத் தேதி போடுவாள்; பக்கத்தில் உங்கள் தேதியைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். சென்ற ஆண்டு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். இனி இவற்றால் அவளுக்குக் கெடுதல் இல்லை. வரிசை மாற்றாமல் படிக்க வேண்டுகிறேன். கடைசியில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள
ஹுயின் வான் கியெம்

*

சைகோன்
20 அக்டோபர் 1966

அன்புள்ள தங்கை சுவோங்குக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கண்ணில் விழுந்த திரை மேலும் கூடியிருக்கிறதா? எனக்கு வயிற்றுக் கோளாறு விட்டது. இந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்கள்.

முதலாவது, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்தபின் சும்மா இருந்தவனை அமெரிக்க ஆராய்ச்சி அலுவலகம் ஒன்று மொழிபெயர்ப்பாளனாக எடுத்துக்கொண்டது. புளியமரங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் இருக்கிறது. மேலதிகாரி திரு. டால்டனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நம் மொழியைக் கொஞ்சம் பேசுவார். அவருடைய நண்பர் ரூனி என்ற லெப்டினன்ட் வாரம் ஒருநாள் வந்து என்னோடு சதுரங்கம் ஆடித் தோற்கிறார். கோபப்படாமல் தோற்கக் கூடியவர்.

இரண்டாவது, உன் மகன் லோக். அவனுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. படைக்குப் பெயர் பதிந்தானா? பதியாவிட்டால் பதிய வேண்டும். பதிந்திருந்தால் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது, மாலையில் கால்வாய் ஓரம் போகாதே.

அண்ணன்,
கியெம்

*

தான் லொய்
ஒன்பதாம் மாதம், இருபத்துநான்காம் நாள்
(6 நவம்பர் 1966)

இரண்டாமண்ணாவுக்கு,

முதுகு வலிக்கிறது. வலிக்கும்வரை உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். உங்கள் வயிறு சரியானதில் மகிழ்ச்சி. பட்டணத்துச் சோற்றைக் குறைத்துச் சாப்பிடுங்கள்.

நான் எழுதுவது எருமைக் கால் அளவுக்குப் பெரிய எழுத்து என்று சின்ன வயதில் கேலி செய்வீர்கள். இப்போது அது நல்லதாகப் போயிற்று. நான் எழுதுவது எனக்குத் தெரிகிறது. உங்கள் எழுத்துத்தான் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. வாத்து வளர்க்கும் ஒன்பதாமவர்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறார். உங்கள் கடிதம் வந்தால் அக்கம்பக்கத்துப் பெண்களும் வேலையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "முதலாவது, இரண்டாவது" என்று அவர் படிக்கும்போது ஐந்தாமவர் பெண்டாட்டி சிரித்துச் சிரித்து வெற்றிலையைத் துப்பிவிட்டாள்.

"உங்கண்ணன் பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தான் பேசுவாரா நாலாமக்கா?" என்று கேட்டாள்.

"அதனாலதான் அவருக்குப் பொண்டாட்டியே அமையல" என்றேன்.

லோக் கான் தோவில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறான்.

அப்பாவின் திதி பதினோராம் மாதம் இருபத்தாறாம் நாள். நீங்கள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மூத்த மகன் பத்தி ஏற்றாத படையலை அப்பா எப்படிச் சாப்பிடுவார்? போன வருடம் நான் ஏற்றினேன். பத்தி பாதியிலேயே அணைந்துவிட்டது. பத்து நாள் லீவு கேளுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்,
நாலாமவள்

*

சைகோன்
21 நவம்பர் 1966

அன்புள்ள சுவோங்குக்கு,

நீயும் பக்கத்து வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். என் கடிதத்தைப் பலர் கேட்கிறார்கள் என்பது தெரிந்து சற்றுக் கூச்சமாக இருந்தது. இனி சுருக்கமாக எழுதுகிறேன். விஷயங்கள் இரண்டு.

முதலாவது, ஐஸ் தொழிற்சாலையின் பெயர் என்ன? கான் தோவில் மூன்று இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எதில் இருக்கிறான்? முதலாளி யார்? முகவரி வேண்டும்.

இரண்டாவது, லீவு கிடைப்பது கடினம். எல்லாக் கிராமங்களுக்கும் மதிப்பெண் போடும் வேலை நடக்கிறது. எங்கே அரசாங்கத்துக்கு ஆதரவு, எங்கே இல்லை என்று எழுத்தால் குறிக்கிறார்கள். நம் ஊருக்கு நடுத்தரமான எழுத்து வந்திருக்கிறது. நடுத்தரம் நல்லது. யார் கண்ணிலும் படாது. அப்படியே இருங்கள்.

மேலும் சாலை சரியில்லை என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை உன்னிடம் மறைப்பதில் பொருள் இல்லை.

அண்ணன்,
கியெம்

*

தான் லொய்
பத்தாம் மாதம், இருபத்தெட்டாம் நாள்
(9 டிசம்பர் 1966)

இரண்டாமண்ணாவுக்கு,

நலம்தானே? இங்கே நெல் முற்றிவிட்டது. எலி அதிகம்.

நீங்கள் சொன்ன மதிப்பெண் போடுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மூன்று பேர், கையில் படிவம். உயரமான அமெரிக்கர் ஒருவர் வாசலில் தலையை இடித்துக்கொண்டார். நம் ஆள் ஒருவன் கேள்வி கேட்டான். சின்னப் பையன், நல்ல சட்டை.

"ராத்திரி இந்தப் பக்கம் யாராவது வர்றாங்களா அத்தை?"

"வர்றாங்களே. எலி வருது. போன வாரம் ஒரு மரநாய் வந்துச்சு."

"மனுஷங்களைக் கேக்கறேன்."

"மனுஷங்க பகல்லதான் வர்றாங்க. இதோ, நீங்க வந்திருக்கீங்க."

அவன் அதை மொழிபெயர்த்தான். அந்த உயரமானவர் எனக்குத் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். நான் நெற்றிக்குத் தைலம் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு நல்ல மதிப்பெண் வந்திருக்குமா அண்ணா?

அப்பாவுக்காக ஒரு பன்றிக்குட்டி வளர்க்கிறேன். திதிக்குள் தயாராகிவிடும். தேங்காய்த் தண்ணீரில் வேகவைத்தால் அவருக்குப் பிடிக்கும்.

பயப்படுவதில் தப்பில்லை. பயந்துகொண்டே வாருங்கள்.

நாலாமவள்

*

சைகோன்
19 டிசம்பர் 1966

அன்புள்ள தங்கை சுவோங்குக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம்.

அலுவலக வேலை அதிகம் இருப்பதால் இவ்வாண்டு என்னால் ஊருக்கு வர இயலாது. ஆகவே அப்பாவின் திதியைச் சைகோனில் என் அறையிலேயே நடத்த விரும்புகிறேன். நீ இருபதாம் நாளுக்குள் புறப்பட்டு வந்துவிடு. அப்பாவின் படத்தையும், பீடத்தின் மேலிருக்கும் ஊதுபத்திக் கிண்ணத்தையும் எடுத்து வா.

மற்றவை நேரில்.

அண்ணன்,
கியெம்

*

தான் லொய்
பதினோராம் மாதம், பதினாறாம் நாள்
(27 டிசம்பர் 1966)

இரண்டாமண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒன்பதாமவர் வழக்கம்போல் என் வீட்டு முன்னால் உட்கார்ந்து உரக்கப் படித்தார். கிண்ணம் என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"இந்த வரியை இன்னொருதரம் படிக்கறேன்" என்றார். மெதுவாகப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தாமவர் பெண்டாட்டி கேட்டாள், "கிண்ணத்தை எதுக்கு நாலாமக்கா கேக்கறார்? அதைத் துடைக்கறதுக்கே பெரியவங்ககிட்ட உத்தரவு கேப்போமே."

"வயசாச்சு. புத்தி பேதலிச்சிருக்கும்" என்றேன்.

"அவருக்கா?" என்றார் ஒன்பதாமவர். "ஒரு கமா போடறதுக்கு மூணு நாள் யோசிக்கற மனுஷன்மா அவரு."

அண்ணா, அந்தக் கிண்ணம் ஒரே ஒரு தடவைதான் இறங்கியிருக்கிறது. பிரெஞ்சுக்காரன் ஊரை எரித்தானே, அன்று விடியற்காலையில் அப்பா தன் கையால் இறக்கினார். நீங்கள்தான் கீழே நின்று வாங்கிக்கொண்டீர்கள். அவசரத்தில் கொஞ்சம் சாம்பலைக் கொட்டினீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள். வீடு இருக்கும்வரை கிண்ணத்தைத் தொடக்கூடாது என்று அன்றைக்கு அப்பா சொன்னதையும்தான்.

ஒன்பதாமவர் கடிதத்தை மடித்துக் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேண்டுமானால் திருப்பித் தருவார். அவர் தன் வாத்துகளையெல்லாம் மறுநாள் காலையே விற்றுவிட்டார். இருநூறு வாத்து. இப்போது கால்வாய்ப் பக்கம் சத்தமே இல்லை.

நான் வரவில்லை. வீடு நிற்கிறது, கிண்ணமும் அதன் இடத்தில் இருக்கட்டும். உங்களால் முடிந்தால் நீங்கள் வாருங்கள். முடியாவிட்டால் வர வேண்டாம். வர வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாமவள்

*

சைகோன்
30 டிசம்பர் 1966

சுவோங்,

முதுகுவலி எப்படி என்று கேட்கவில்லை. அதற்கு நேரமில்லை.

முதலாவது, கிண்ணம் வேண்டாம். படமும் வேண்டாம். நீ மட்டும் வா.

இரண்டாவது, ஜனவரி நான்காம் தேதிக்கு முன்னால் வா. நீ எண்ணும் கணக்கில் அது இருபத்துநான்காம் நாள். அதற்கு மேல் ஒருநாள்கூடத் தங்காதே.

மூன்றாவது, காரணம் கேட்காதே. மூன்று பிள்ளைகளில் நாம் இருவர்தான் மிச்சம். நான் உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

நான்காவது,

(இந்தக் கடிதம் இங்கே நிற்கிறது. அனுப்பவில்லை. அந்த மாதம் நான் எழுதுவதையெல்லாம் தங்களுக்கு நானே மொழிபெயர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மேசை இழுப்பறையில் வைத்தேன்.)

*

குடியேற்ற முகாம்
பன்னிரண்டாம் மாதம், இருபத்துமூன்றாம் நாள்
(2 பிப்ரவரி 1967)

இரண்டாமண்ணாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இதைக் கொண்டுவரும் பெண்ணை நம்பலாம். மீன் குழம்புச் சாடியின் அடியில் வைத்துக் கொண்டுவருவாள். வாசனைக்கு மன்னியுங்கள்.

இன்று அடுப்புத் தெய்வம் மேலுலகத்துக்குப் போய் வீட்டு நடப்பைச் சொல்லும் நாள். இந்த ஆண்டு எங்கள் தெய்வம் எங்கிருந்து புறப்படுமோ தெரியவில்லை. கூடாரத்தில் அடுப்பு இல்லை. பொட்டலச் சோறு தருகிறார்கள்.

அப்பாவின் திதியன்று விடிந்ததும் வந்தார்கள். முதலில் வானத்திலிருந்து காகிதம் விழுந்தது. "உங்கள் நன்மைக்காக இந்த ஊரை விட்டு உங்களை அழைத்துச் செல்கிறோம்" என்று போட்டிருந்தது. ஐந்தாமவர் பெண்டாட்டி ஒன்றை எடுத்துப் படித்தாள். "நல்ல தமாஷ்தான், தப்பில்லாம எழுதியிருக்கான். முதலாவது, இரண்டாவதுன்னு நம்பர்கூட போட்டிருக்கான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வந்தவர்கள் வீடு வீடாகப் பார்த்தார்கள். பெண்களும் கிழவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருந்தோம். அதற்கு முந்தைய பத்து நாட்களும் நாங்கள் எல்லா வீட்டு அடுப்பையும் எரித்துக்கொண்டிருந்தோம். ஆளில்லாத வீட்டிலும்தான். புகை வரவில்லை என்றால் மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு ஊர் காலியானது தெரிந்துவிடும் அல்லவா? நான் ஒருத்தியே நாலு அடுப்பு பார்த்தேன். நான் ஏன் சைகோனுக்கு வரவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

கிண்ணத்தை நான்தான் இறக்கினேன். மூத்த மகன் கையால் இறங்கவில்லை. அப்பா மன்னிக்கட்டும். லாரியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் வெடிகுண்டு இருக்கிறதா என்று ஒருவன் துப்பாக்கி நுனியால் சாம்பலைக் கிளறிப் பார்த்தான். பிறகு வீட்டைக் கொளுத்தினார்கள்.

மஞ்சள் மீசை வைத்த ஓர் இளம் அதிகாரி. அவன் யாரையும் அதட்டவில்லை. லாரியில் ஏற என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். பிறகு ஒன்பதாமவரின் வாத்துக் கொட்டகைக் கதவைத் தள்ளிப் பார்க்கப் போனான். கதவுக்குப் பின்னால் ஏதோ வைத்திருந்தார்கள். போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

லோக் நலமாக இருக்கிறான். ஐஸ் தொழிற்சாலையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நூற்றிருபது பேரும் வேறு இடத்துக்கு நேரத்தோடு போய்விட்டார்களாம். "கிண்ணத்துக்காகப் பெரிய மாமாவுக்கு நன்றி சொல்லும்மா" என்று சொல்லியனுப்பியிருக்கிறான்.

நீங்கள் பதில் எதுவும் எழுத வேண்டாம்.

நாலாமவள்

*

சைகோன்
10 பிப்ரவரி 1967, புத்தாண்டின் இரண்டாம் நாள்

அன்புள்ள சுவோங்குக்கு,

புத்தாண்டில் உனக்கு உடல்நலமும் கூரையும் கிடைக்க வேண்டுகிறேன். போர்வை இரண்டும் தைலமும் அனுப்பியிருக்கிறேன்.

எழுதுவதற்கு விஷயம் எதுவும் இல்லை.

அண்ணன்,
கியெம்

*

சைகோன்
14 ஆகஸ்ட் 1973

மதிப்பிற்குரிய திரு. டால்டன் அவர்களுக்கு,

சொல்லியிருந்த குறிப்பு இது. முதல் கடிதத்தை உறையில் இட்டு இரண்டு நாளாக மேசைமேல் வைத்திருக்கிறேன். இதைச் சேர்க்காமல் அனுப்பிவிடலாம் என்று நேற்று ஒட்டவும் செய்தேன். இன்று காலை நீராவியில் காட்டிப் பிரித்தேன்.

தங்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் மத்தியில் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கத் தந்தீர்கள். ஊரின் பெயர் தான் லொய் என்றிருந்தது. அது என் ஊர் என்று நான் சொல்லவில்லை. என் விண்ணப்பத்தில் பிறந்த இடமாக மாவட்டத்தின் பெயரைத்தான் எழுதியிருந்தேன். "இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கணும் ஐயா. ரூனிக்கும் தெரியும், அவன்தான் போறான். உங்களை ஏன் நம்பறேன் தெரியுமா? நீங்க பயந்த மனுஷன்" என்றீர்கள். உண்மைதான். அந்த மாதம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி என் கடிதத்தை உங்கள் மேசையில் வைத்து வரி வரியாக மொழிபெயர்த்தேன். திதி என்பதை விளக்கினேன். மூத்த மகனின் கடமையை விளக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். என் குடும்பத்தைப் பற்றி அக்கறையாக இரண்டு கேள்வி கேட்டீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

"சைகோன்ல கிண்ணமே கிடைக்கலையா ஐயா? பாவம், அவங்க பஸ்ல தூக்கிக்கிட்டு வரணுமா?"

"பழக்கம்தான் சார்" என்றேன்.

கடிதத்தை நீங்களே முத்திரையிட்டு உங்கள் ஜீப்பிலேயே பேருந்து நிலையத்துக்கு அனுப்பினீர்கள். மறுநாள் சந்தையில் நீலப்பூ போட்ட கிண்ணம் ஒன்றை வாங்கிவந்து என் மேசையில் வைத்தீர்கள். "இனிமே உங்க தங்கச்சிக்குச் சிரமம் வேண்டாம்" என்றீர்கள். அவ்வளவு நல்ல மனிதர் நீங்கள். நான் மொழிபெயர்த்த சொற்கள் அத்தனையும் உங்களுக்குப் புரிந்தன. அந்தக் கிண்ணம் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. அதில் இன்றுவரை நான் எதையும் போட்டதில்லை.

ரூனி இறந்த செய்தி வந்த அன்று நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். "யாரோ சொல்லியிருக்காங்க. ஊர்ல ஒரு வயசுப்பையன் இல்ல. யாரு ஐயா?" என்று கேட்டீர்கள். "இங்கேயிருந்து போகலை சார்" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். சதுரங்கப் பலகையில் அவர் பாதியில் விட்டுப்போன ஆட்டம் அப்படியே இருந்தது. அந்த ஆட்டத்தில்தான் முதல்முறையாக அவர் ஜெயிக்கும் நிலையில் இருந்தார்.

இந்த ஏழு வருடமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான்: நான் தங்கையைத்தான் கூப்பிட்டேன்; அவளைக் காப்பாற்ற நினைத்தேன்; ஊரார் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் இப்படிச் சொல்லியிருந்தால் நான் அவனிடம் சான்று கேட்டிருப்பேன். ஆகவே சென்ற வாரம் என்னிடமும் கேட்டேன்.

அனுப்பிய கடிதத்தின் கார்பன் பிரதி மட்டுமல்ல, கிழித்துப் போட வேண்டிய வரைவுகளும் என்னிடம் இருக்கின்றன. டிசம்பர் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்துக்கு மூன்று வரைவுகள். முதலாவதில், "திதிக்கு நீ சைகோன் வா" என்று மட்டும் இருக்கிறது. இரண்டாவதில், "அப்பாவின் படத்தை எடுத்து வா" என்பது சேர்ந்திருக்கிறது. தங்கையை மட்டும் வரவழைக்க முதல் வரைவே போதும். மூன்றாவதில்தான் கிண்ணம் வருகிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் பேனா நின்ற இடத்தில் மை பரவி, ஒரு பட்டாணி அளவுக்குக் கறையாகியிருக்கிறது. அவ்வளவு நேரம் யோசித்திருக்கிறேன். என் கடிதங்களை யார் படிக்கிறார், யாரெல்லாம் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது நவம்பரிலிருந்தே எனக்குத் தெரியும். ஐஸ் தொழிற்சாலை எதுவும் இல்லை என்பதும் தெரியும்.

கட்சி எதிலும் நான் சேர்ந்ததில்லை. அவர்களுடைய கொள்கை எனக்குப் புரிந்ததும் இல்லை. ஊர்வலம் வந்தால் பக்கத்துச் சந்தில் ஒதுங்குகிறவன் நான். உங்கள் அலுவலகத்தைப் போல எத்தனை அலுவலகங்கள், ஒவ்வொன்றிலும் என்னைப் போல எத்தனை பயந்த மனிதர்கள், அவர்களுக்கு எத்தனை தங்கைகள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். முடியவில்லை. அது என் பட்டியலில் மூன்றாம் எண்ணோடு சேரட்டும்.

ரூனியின் தாயாருக்கு நான் எழுதலாமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். எழுத வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்.

பட்டியலை மறுபடி சரிபார்த்தேன். இரண்டு முதல் ஐந்து வரை சரியாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆறாவதைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. எங்கள் அறையிலிருந்து எதுவும் போகவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.

தங்கள்
ஹுயின் வான் கியெம்